வைரத்தை ருசி பார்த்தவன்

தேயிலையை ருசி பார்த்துப் பழகிய மனிதனுக்கு ஒரு வியாதி வரும். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் தரம் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிடுவான். பக்கத்து வீட்டுச் சாம்பார், கோயில் மேளம், அடுத்தவர் பிள்ளையின் மூக்கு, எதையும் விடமாட்டான். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக இருக்கும் எனக்கு, என் தங்கை கோகிலாவுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அந்த வியாதி முற்றியது.

மாப்பிள்ளை சசிகுமார் அக்கரப்பத்தனைக்காரர். கட்டாரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. கோகிலாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. (அவள் சொல்லவில்லை. நாள் முழுக்க போனைப் பார்த்துச் சிரிக்கிறவளிடம் தனியாக வேறு கேட்க வேண்டுமா?) அம்மாவுக்கும் பிடித்திருந்தது. இப்படி எல்லோருக்கும் பிடித்துப்போன இடத்தில் குறை கண்டுபிடிக்க வீட்டுக்கு ஒருவன் வேண்டாமா? அப்போதுதான் சேதி வந்தது. மாப்பிள்ளை வைர மோதிரம் கொண்டு வருகிறாராம்.

எங்கள் சனத்தில் பரிசத்துக்குப் பவுன் மோதிரம்தான் வழக்கம். பவுன் என்றால் அடகுக் கடைக்காரர் உரசிப் பார்த்துச் சொல்லிவிடுவார். வைரத்துக்கு யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன், யூடியூப் இருக்கிறது. சாப்பிடும்போதுகூட வீடியோ பார்த்தேன். வெட்டு, நிறம், தெளிவு, காரட் என்று வைரத்துக்கு நான்கே நான்கு விஷயங்கள்தானாம். தேயிலையை பி.ஓ.பி., பெக்கோ, டஸ்ட் என்று வகை வகையாகப் பிரிக்கிறவனுக்கு நான்கெல்லாம் ஒரு கணக்கா?

பரிசத்தன்று பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் குவாட்டர்ஸ் முன்னறையில் இரண்டு பக்கத்துச் சனமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தட்டை நடுவில் வைத்தார். சேலை, வெற்றிலை, பழம், அவற்றுக்கு நடுவே சின்னச் சிவப்புப் பெட்டி.

"ஒருக்கா பாத்துக்கிடலாங்களா அத்த?" என்றேன்.

"தாராளமா பாருங்க தம்பி."

"சர்டிபிக்கேட் இருக்குங்களா?"

சசிகுமாரின் முகம் சுருங்கியது. "அது கட்டார்ல ரூம்ல இருக்குங்க மச்சான். அவசரத்துல மோதிரத்த மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"டேய், சும்மா இரு" என்று அம்மா முழங்கையால் இடித்தார். நிபுணர்கள் முழங்கைக்கு அஞ்சுவதில்லை.

உண்மையான வைரத்தில் ஊதினால், படிந்த ஆவி உடனே மறைந்துவிடும் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். ஊதினேன். கல் வெளுத்தது. வெளுத்தபடியே இருந்தது. (அந்த நேரத்தில் ஜன்னல், சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படம், என் மூக்குக் கண்ணாடி எல்லாமே வெளுத்துத்தான் இருந்தன. அதை நான் கவனித்திருக்கலாம். எங்கே, மூக்குக் கண்ணாடிதான் வெளுத்திருந்ததே!)

"ஆவி போக மாட்டேங்குதே" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"என்னா சொல்ல வர்றீங்க தம்பி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஒன்னுமில்லீங்க அத்த. இன்னொரு டெஸ்ட் இருக்கு."

அசல் வைரத்தை உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்குமாம். எங்கள் ஊரில் அந்தக் காலையில் பிளாஸ்டிக் வாளியை உதட்டில் வைத்தாலும் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் நான் மோதிரத்தை வைத்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் தினமும் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியால் தேயிலைச் சாயத்தை எடுத்துக் கீழுதட்டில் வைத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுவேன். பிறகு துப்புவேன். வருடக்கணக்காக அதே வேலை. உதட்டில் எது பட்டாலும் என் வாய் என் அனுமதிக்குக் காத்திராது.

ஸ்ர்ர்ர்ப்!

சாயம் என்றால் வாயில் கொஞ்சம் நின்று, துப்பும் வரை பொறுத்திருக்கும். மோதிரம் பொறுக்கவில்லை.

"முழுங்கிட்டான்!" என்று அம்மா அலறினார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றார். "ஆவி போகலேன்னாரு, இப்ப மோதிரமே போயிருச்சு! போலின்னு வேற சொல்லி முழுங்கியும் புட்டாரு. இந்த வீட்லயா பொண்ணெடுக்கணும்? தட்ட எடுங்கடா!"

"அம்மா, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். சண்டய பொறகு போட்டுக்கலாம்" என்றார் சசிகுமார்.

ஆட்டோவில் ஏறும்போது கோகிலா வாசலுக்கு வந்தாள். கண் மையெல்லாம் கன்னத்தில் இருந்தது. "அண்ணே, அவங்க திரும்பி வரலேன்னா நீயும் வந்துறாத" என்றாள். அதுவரை மோதிரத்தை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு, நான் உண்மையில் எதை விழுங்கினேன் என்று புரிந்து, வெட்கத்தில் உடம்பு கூசியது.

டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சிங்கள டொக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மோதிர வளையம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளும் தெரிந்தன. கொக்கிகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை.

"கல்லு எங்க? ஐயோ, கல்லக் காணலியே!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "போலிக் கல்லுங்க அத்த. வயித்துல கரஞ்சிருச்சு" என்றேன்.

சசிகுமாருக்கு முதல் தடவையாகக் குரல் உடைந்தது. "அடுப்புச் சூட்டுல நின்னு நின்னு வாங்குனது மச்சான் அது. ஒங்க தங்கச்சிக்குப் போலி குடுப்பேனா?"

டொக்டர் என்ன சண்டை என்று கேட்டார். சசிகுமார் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடிக் கல், போலிக் கல் எல்லாம் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியுமாம். வைரமும் கரியும் ஒரே சாதி. அதனால் எக்ஸ்ரே அதை ஊடுருவிப் போய்விடுமாம். "தெரிந்திருந்தால்தான் போலி. தெரியாததால் அசல்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப திருப்திங்களா தம்பி?"

அன்று மாலையே பரிசம் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா தன் விரலில் இருந்த பவுன் மோதிரத்தைக் கழற்றிக் கோகிலாவுக்குப் போட்டுவிட்டார். வைர மோதிரம் எப்படித் திரும்பி வந்தது என்று எழுதமாட்டேன். அது எனக்கும் பப்பாசிப் பழத்துக்கும் இடையே உள்ள விவகாரம். கோகிலா அதை வெந்நீரில் எத்தனை தரம் கழுவினாள் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்கும் எனக்குத் தேத்தண்ணி கொடுக்கும் முன்பு, மோதிரத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கோப்பையை நீட்டுகிறாள்.

அவர்களுடைய கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மணமக்கள் இல்லை. என் வயிறு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சசிகுமார் மச்சான் அந்தப் பக்கத்தைத் திறந்து, "கட்டார் சர்டிபிக்கேட் எங்கயோ தொலஞ்சிருச்சுங்க. ஆனா இத மிஞ்ச முடியுமா?" என்பார். அவர்களுடைய சின்ன மகளும் அந்த எக்ஸ்ரே படத்தில் விரலை வைத்து, "மாமா!" என்று கைதட்டுகிறாள். அடுத்த பக்கத்தில் கோட் போட்டு நிற்கிற என்னைக் காட்டினால்தான், யார் இது என்று கேட்கிறாள்.