கிறைண்டருக்கு முன்னால் ஒரு சோடிச் செருப்பு

ரண்டர்ஸ்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மதிப்பும் உள்ள நவரத்தினம் சித்தப்பாவுக்கு, சாரங்கி எழுதிக்கொள்வது.

என் அம்மாவுக்கு ஐந்து மாதமாகக் கறண்ட் அடித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். மற்றபடி நாங்கள் இருவரும் சுகம். விபோர்க்கில் நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு வீட்டில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கவைப்பீர்கள். எங்கள் தெருவிலிருந்த சிவப்புக் கடிதப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே இதை, நாளைக்கு விபோர்க்கிலிருந்து இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வரும் சுஜாந்தினி அக்காவின் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவின் வலக்கை விறைக்கிறது, சுள்ளென்று குத்துகிறது என்பது உங்களுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக ஆட்களைத் தூக்கி, குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றிய கை. மேலாளர் அதை வயது என்றார். டாக்டர் நரம்பாக இருக்கலாம் என்றார். சித்தி சீனி வருத்தம் என்றா. நான் வேலைதான் காரணம் என்று மூன்று பக்கம் டேனிஷில் எழுதி நகரசபைக்கு, அதுதான் கொம்யூனுக்கு, அனுப்பினேன்; ஒருவருடைய உடம்பைப் பிழிந்து எடுத்துவிட்டு வயதின் மேல் பழி போடுகிறீர்கள் என்று அதில் ஒரு வரியும் இருந்தது. வரும் செவ்வாய் ஓகூஸ் ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனை. அதில் ஏதும் பிழை என்று வந்தால் அம்மாவை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். ஆளைத் தூக்க முடியாத கை அவர்களுக்கு எதற்கு? அம்மா இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எப்போது குத்துகிறது என்று கலண்டரில் குறித்துவரச் சொன்னேன். குறித்தா. எல்லாம் சனிக்கிழமை. சனிக்கிழமை மட்டும் வரும் நரம்பு வருத்தம் உலகத்தில் உண்டா, சித்தப்பா? சனிக்கிழமை அம்மா என்ன செய்கிறா என்று யோசித்தேன். பள்ளிக்கூடத்து வடைக்கு உழுந்து அரைக்கிறா. எதில் அரைக்கிறா? யாழ்ப்பாணத்திலிருந்து நீங்கள் சூட்கேசில் சுமந்துவந்து, பிளக்கை வெட்டி எறிந்து, இந்த நாட்டுப் பிளக்கை உங்கள் கையாலேயே பூட்டிக்கொடுத்த அந்தக் கிறைண்டரில்.

வீட்டுச் சங்கம் கொடுத்த மின்சாரப் பாதுகாப்புத் துண்டுப்பிரசுரத்தை எடுத்து முதல்தடவையாக முழுக்க வாசித்தேன். இந்த நாட்டுச் சுவர்ப் பிளக்கைப் பாருங்கள்: சிரிக்கிற முகம் போலிருக்கும். இரண்டு கண்ணிலும் கறண்ட். கீழேயிருக்கிற வாய்தான் எர்த். சாமானின் இரும்பு உடம்புக்கு வரக்கூடாத கறண்ட் வந்தால், அது ஆளுக்குள் இறங்காமல் நிலத்துக்குப் போவதற்கான வழி அந்த வாய். கிறைண்டரைத் தொட்டால் குத்துகிறது என்றால் எர்த் இல்லை. எர்த் இல்லையென்றால் பிளக்கைப் பூட்டியவர் அந்த வயரை விட்டுவிட்டார். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. ஐந்து மாதமாக ஒருவருமே ஏன் இதைக் கேட்கவில்லை?

ஏனென்றால் நீங்கள் எங்கட ஆள். கலியாணத்துக்குப் பூ வைக்கிறவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிற சனம், கறண்டுக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்காது. அப்பா போன பிறகு இந்த வீட்டில் எது பழுதானாலும் அம்மா உங்களுக்குத்தான் போன் அடிக்கிறா. நீங்களும் காணும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பீர்கள். கிறைண்டரைப் பூட்டித் தந்த அதே கிழமை நான் முதற்சம்பளத்தில் மைக்ரோவேவ் வாங்கி, எந்த நாட்டுப் பிளக்கும் பொருந்தும் என்று இணையத்தில் எடுத்த எக்ஸ்டென்ஷனையும் பூட்டியபோது, அதையும் பிடுங்கப் பார்த்தீர்கள். என் சாமானில் கைவைக்க வேண்டாம் என்று நான் டேனிஷில் கத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சொப்பிங் பையோடு வந்தீர்கள். உள்ளே நீல நிற றப்பர் செருப்பு. கிறைண்டருக்கு முன்னால் வைத்துவிட்டு, "மச்சாள், அரைக்கேக்கை இதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ" என்றீர்கள். அவ்வளவுதான் உங்கள் வைத்தியம். குத்து குறைந்தது உண்மை. ஒரு கை தண்ணீர்க் குழாயிலும் மற்றக் கை கிறைண்டரிலும் இருந்தால் செருப்பு என்ன செய்யும்?

அம்மாவோடு வேலை செய்யும் கிர்ஸ்டன் போன மாதம் வந்தா. வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னோம், கழற்றினா. குசினிக்குள் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு கிறைண்டரிடம் போவதைப் பார்த்துவிட்டு, இது உங்கள் சமயமா என்று மெல்லக் கேட்டா. அம்மா வெட்கத்தில் ஓம் என்றுவிட்டா. கிர்ஸ்டன் கைகூப்பினா. இப்போது முதியோர் இல்லம் முழுக்க எங்களுக்குக் கிறைண்டர் தெய்வம்.

ஆகவே அடுத்த கிழமை சனிக்கிழமை நீங்கள் இங்கே வர வேண்டும். செருப்பில்லாமல் நின்று, ஒரு கையால் குழாயையும் மறுகையால் கிறைண்டரையும் பிடித்துக்காட்ட வேண்டும்.

சித்திக்கு என் அன்பு. அம்மன் உங்கள் இருவரையும் காக்கட்டும். எங்களை நீங்கள் காத்தது போதும்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
சாரங்கி

பின்குறிப்பு, சனி காலை: சாட்சிக்குப் படம் எடுக்கலாம் என்று கிறைண்டரின் பிளக்கைக் கழற்றித் திறந்தேன். பச்சை மஞ்சள் வயர் இருக்க வேண்டிய இடத்தில் இறுக்கமாக இருக்கிறது. படம் எடுக்கவில்லை. திரும்பப் பூட்டி, மைக்ரோவேவ் கிடக்கிற அதே எக்ஸ்டென்ஷனில் செருகி, நீங்கள் மேசை லாச்சிக்குள் விட்டுப்போன, கறண்ட் இருந்தால் லைட் எரிகிற ரெஸ்டரைக் கிறைண்டரில் வைத்தேன். சுவிச் போடாமலே லைட் எரிந்தது. மைக்ரோவேவின் வயரைப் பிடுங்கினேன். லைட் அணைந்தது. குனிந்து என் எக்ஸ்டென்ஷன் சுவருக்குள் போகிற இடத்தைப் பார்த்தேன். எந்த நாட்டுப் பிளக்கும் பொருந்துகிற அந்தச் சாமானின் சொந்தப் பிளக் இந்த நாட்டுக்கு உரியதல்ல. இரண்டு கண்ணும் நிறைந்திருக்க, வாய் வெறுமையாகக் கிடந்தது. நீங்கள் எர்த்தைச் சரியாகப் பூட்டியிருந்தபடியால்தான் என் மைக்ரோவேவின் கறண்ட் அந்த வயர் வழியாகவே அம்மாவின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எக்ஸ்டென்ஷனை எறிந்துவிட்டேன். அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். அவ உழுந்தை வழித்துக்கொண்டே, "தம்பி அண்டைக்கே கழட்டச் சொன்னவர். நீதான் கத்தினனி" என்றா. பிறகு இரண்டு வடை சாப்பிட்டா.

அப்படியென்றால் அந்தச் செருப்பு ஏன் வந்தது என்று எனக்கு இப்போது விளங்குகிறது. ஆனால் மற்றது விளங்கவில்லை. நான் கத்தினால் விட்டுவிடுவதா, சித்தப்பா? என்னை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு அதைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டாமா? ஏன் செய்யவில்லை என்று எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.