முறுக்கைக் கழித்த நிறை

பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய முதல் மாதத்தில் மனிதனைப் போல ஆபத்தான பிராணி வேறில்லை. போசாக்குப் பயிற்சி முடித்த கையோடு என்னை வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவுக்கு (தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) நிறை பார்க்க அனுப்பினார்கள்.

உத்தரத்தில் தராசு தொங்கியது. அதில் மாட்டிய துணிக் கால்சட்டைக்குள் ஒவ்வொரு குழந்தையாக உட்கார வைக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா எல்லோர் கையிலும் ஆளுக்கொரு முறுக்குக் கொடுத்திருந்தார். எனக்குள் இருந்த நிபுணர் எழுந்துவிட்டார்.

“அக்கா, இது வெறும் அரிசிமாவும் எண்ணெயும். வயிறு நெறையும், சத்து சேராது.”

“உளுந்தும் எள்ளும் போட்டுத்தான் சுட்டேன் சேர். சாப்பாட்டுக்குப் பதிலா குடுக்கல. தராசுல ஏத்துனா பயப்படுவாங்க, அதுக்குத்தான்.”

(கேட்டேனா?) பதினெட்டு முறுக்குகளையும் பறித்துத் தட்டில் வைத்தேன்.

முதலில் ஏறியவள் கவிஷா. இரண்டு வயது, எலும்பும் தோலுமாக இருந்தாள். அன்று நிறை பதிந்தால்தான் அவளுக்கு அந்த மாதச் சத்துமா கிடைக்கும். என்னைப் பார்த்தாள், வெறுங்கையைப் பார்த்தாள், வீறிட்டாள். தராசு முள் பேய் பிடித்தது போல ஆடியது. அவள் உதைத்ததில் என் மூக்குக்கண்ணாடி எகிறி விழுந்தது. மற்றப் பதினேழு பேரும் ஒரே சுருதியில் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் கேட்டு மலையிலிருந்த தாய்மார் கூடையோடு ஓடி வந்தார்கள். பின்னாலேயே என் மேலதிகாரியான மருத்துவமாது.

“எம்புள்ளைய என்னங்க செஞ்சீங்க?” என்றார் கவிஷாவின் அம்மா.

நான் கண்ணாடியைத் தேடிக் குனிந்தேன். செல்வி அக்கா முந்திக்கொண்டார். “ஒண்ணுமில்ல, புது ஆளு. புள்ள மெரண்டுருச்சி.”

அவர் என்னைக் காட்டிக் கொடுக்காததுதான் என்னை அதிகம் வெட்கப்படுத்தியது. மருத்துவமாது தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“குடுத்துட்டு நிறுங்க தம்பி. அப்புறம் முறுக்கத் தனியா நிறுத்துக் கழிச்சிக்கலாம்.”

கவிஷா கடித்துக்கொண்டே அசையாமல் உட்கார்ந்தாள். நிறை பதிந்தது, சத்துமாவும் கிடைத்தது. நான் கடமை தவறாமல் ஒரு முறுக்கைக் கால்சட்டைக்குள் போட்டுப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. தாய்மார் சிரித்த சிரிப்பு அடுத்த தோட்டத்துக்குக் கேட்டிருக்கும்.

இதை மனைவியிடம் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. இப்போது எனக்குத் தொந்தி விழுந்துவிட்டது. வீட்டுத் தராசில் ஏறி நான் பெருமூச்சு விட்டால் போதும், குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கும் அவள் குரல் வரும்:

“கையில இருக்க முறுக்கக் கழிச்சிப் பாருங்க.”

எட்டிக்கூடப் பார்க்காமல்தான் சொல்கிறாள். ஆனால் பெரும்பாலும் கையில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.