லட்சுமிக்குக் கீழே தேதி இல்லை

பெற்ற மகளைப் பார்த்து, 'யார் வீட்டுப் பிள்ளையோ' என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது உண்டு. நான்கே விநாடிதான். (பத்து என்பார் என் கணவர். அவர் அன்று எங்களோடு வரவே இல்லை.)

எனக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை. சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, நாலு வயது பவித்ராவுக்குக் கலையைக் காட்டியே தீருவது என்று ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போனேன், கட்டியிருந்த மஞ்சள் பட்டோடு. ஒவ்வொரு படத்தின் முன்னும் தலையைச் சாய்த்து, ஒன்றும் புரியாமல் "ம்ம்" என்றேன். பக்கத்தில் கதர்ச்சேலை கட்டிய ஓர் அம்மாள் அப்படித்தான் செய்தார்.

ஒரு லட்சுமி படத்தின் முன் பவித்ரா நின்றுவிட்டாள்.

"எம்மா, தேதி எங்கன?"

"இதுல தேதி கிடையாது தாயி. சும்மா பாரு."

லட்சுமிக்குக் கீழே அமாவாசையும் கார்த்திகையும் பார்த்தே வளர்ந்தவள், நம்புவாளா? நான் அடுத்த படத்துக்கு "ம்ம்" சொல்லும் நேரத்தில் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, சட்டத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அடுத்த மாதம் பின்னால் இருக்குமாம். (அவ்வளவு தாழ்வாக மாட்டியது அவர்கள் தப்பு. இன்றும் சொல்வேன்.)

எச்சரிக்கை மணி அலறியது. காவலர் ஓடி வந்தார். "யாரோட குழந்தை இது?"

அந்த நான்கு விநாடி இதுதான். எதிர்ச்சுவரில் இருந்த மாட்டுவண்டிப் படத்தை அப்படி ரசித்தேன்.

"எங்கம்மா அந்தா நிக்காக! மஞ்சச் சேல!"

படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கோணலாகத் தொங்கியது, அவ்வளவுதான். காவலரிடம் மனதார மன்னிப்புக் கேட்டேன். அதோடு முடிந்திருக்கும். கதர்ச்சேலை அம்மாள் வாயைத் திறந்தார்.

"இந்த மாதிரிக் குழந்தைங்களுக்கு பீச் போதாதா?"

பவித்ராவின் உதடு பிதுங்கியது. ரோஷம் வந்தால் எனக்குச் சென்னைப் பேச்சு கழன்றுவிடும்.

"தொட்டது தப்பு, ஒத்துக்கிறேன். பாக்க வந்தது தப்பில்ல. நீங்களும் நானும் ஒரு மணி நேரமா 'ம்ம்'னுட்டே இருக்கோம். இம்புட்டுப் பேர்ல கேள்வி கேட்டது இவ ஒருத்திதான்!"

காவலர் சிரிப்பை இருமலாக்கினார். "கிளம்புங்கம்மா."

"மிச்சம் ரெண்டு ரூமையும் பாத்துட்டுத்தான் போவோம்."

பார்த்தோம். அவள் கை இரண்டையும் நான் பிடித்துக்கொள்ள, காவலர் பின்னாலேயே வந்தார்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. எந்தக் கல்யாண வீட்டிலும் நான் கொஞ்சம் வேறு பக்கம் திரும்பினால் போதும், "எங்கம்மா அந்தா நிக்காக!" என்று என் கணவர் கத்துவார். சொந்தபந்தம் மொத்தமும் என் பக்கம் கை நீட்டும்.

நானும் கையைத் தூக்கிவிடுகிறேன். "ஆமா, நான்தான் அவ அம்மா. இப்ப என்ன?"