மூன்று கிலோ இருநூறு கிராம் துக்கம்

தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கையில் குற்றாலத்தில் அருவியைப் பார்க்க ஆள் இல்லை. ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து வெள்ளம் கொட்டியது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். ஆனாலும் மேலகரம் வரைக்கும் வேன்கள் வரிசையாக நின்றன. எல்லாம் துலா சித்தரைத் தரிசிக்க வந்த வேன்கள்.

சித்தர் குறி சொல்வதில்லை. வேப்பிலை அடிப்பதில்லை. அந்தப் பழைய சரக்கு படித்தவர்களிடம் விலைபோகாது என்று அவருக்குத் தெரியும். அவர் நிறுத்துப் பார்ப்பார். ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மேடை நடுவில் மின்தராசு ஒன்றை வைத்து, அதற்கு மாலை போட்டுக் குங்குமமும் இட்டிருந்தார். நீங்கள் அதில் ஏறி நிற்க வேண்டும். சிவப்பு எழுத்தில் எடை தெரியும். பிறகு பின்கட்டுத் தொட்டியில் இருக்கும் அருவி நீரைப் பதினொரு குடம் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு வந்து மறுபடி ஏற வேண்டும். எண் குறைந்திருக்கும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு துக்கம் உங்களை விட்டுப் போய்விட்டது. கிலோவுக்கு ஆயிரத்து ஒரு ரூபாய் காணிக்கை.

இது விஞ்ஞானம் என்றார்கள். எண்தான் கண்ணெதிரே தெரிகிறதே. ஈரத்துணியோடு ஏறியும் எடை குறைகிறதென்றால் அது அதிசயம் இல்லாமல் வேறென்ன என்றும் கேட்டார்கள். நல்ல கேள்விதான். கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

உமாதேவியும் காத்திருக்கவில்லை. தங்கை முத்துவடிவை எப்படியாவது அந்தத் தராசில் ஏற்றிவிட வேண்டும் என்று நாலு நாளாக அவள் மனம் அடித்துக்கொண்டது.

வடிவின் கணவன் குமரகுரு தை மாதம் சாலை விபத்தில் போய்விட்டான். இது முதல் தீபாவளி. துக்கம் நடந்த வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவது வழக்கம். வந்தவர்கள் முறுக்கோடு புத்திமதியும் கொண்டுவந்தார்கள். நாளும் கிழமையுமாய் இப்படி மூலையில் உட்காரலாமா, உன்னை விடக் கஷ்டப்பட்டவர்கள் இல்லையா, கொஞ்சம் சிரித்தால்தான் என்ன. முறுக்கு ஒருநாளில் தீர்ந்தது. புத்திமதி தீரவில்லை.

வடிவு மேலகரத்தில் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறாள். சித்திரையிலிருந்து தென்காசி அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் காட்டி, தினமும் ஒரு மாத்திரை. அதனால் சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். சிரிக்க மட்டும் இல்லை. ஆடி மாதம் யாரோ சொன்னார்கள் என்று உமா பத்து நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். பத்தாம் நாள் வடிவு, வெந்நீர் போட்டாச்சா என்று கேட்பது மாதிரி சாதாரணமாக, "நான் இல்லேன்னா உங்க எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும்லாக்கா" என்றாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இனி என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், இது விளையாட்டு இல்லை என்று டாக்டர் உமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

இதெல்லாம் உமாவுக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். தங்கைக்காகத்தான் சித்தரிடம் போகிறேன் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள், தன்னிடமும் சொல்லிக்கொண்டாள். அந்தச் சொல்லுக்கு அடியில் வேறொன்று கிடந்தது. தங்கையின் துக்கம் அவளுக்கு அலுத்துவிட்டது. தீபாவளியன்று வருகிறவர்கள் முன்னால் காட்ட ஒரு சிரித்த முகம் வேண்டியிருந்தது. பத்து மாதம் பொறுத்தவளுக்கு எட்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அவன் சித்தனா எத்தனா என்று பார்க்கவா தோன்றும்?

வடிவு மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஈரத்தோடதான் நிறுக்காங்களா?" தங்கைக்கு ஆசை வந்துவிட்டது என்று உமா பூரித்துப் போனாள்.

சனிக்கிழமை உமாவின் கணவர் நெல்லையப்பன் கார் ஓட்ட, மூன்று பெண்களும் கிளம்பினார்கள். மூன்றாவது ஆள் ராபியா. வடிவோடு ரேஷன் கடையில் பில் போடுகிறவள். பத்து மாதமாகச் சாயங்காலம் தவறாமல் வீட்டுக்கு வந்து வடிவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். புத்திமதி எதுவும் சொல்ல மாட்டாள். சும்மா இருக்கத்தான் வருகிறாளா என்று உமாவுக்கு அவள் மேல் ஓர் எரிச்சல். அன்றைக்கு ராபியாவின் ஒயர் கூடை கனமாய்த் தொங்கியது. என்னது என்று கேட்டதற்குக் கடைச் சாமான் என்றாள்.

மண்டபத்தில் மூன்று மணி நேர வரிசை. முன்னால் நின்ற சிவகிரிக்காரி குருவம்மாளுக்கு ராணுவத்தில் இருக்கும் மகன் இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை. வீட்டுக்காரரும் இல்லை. விசேஷ நாள் வந்தாலே வீடு தன்னைக் கடித்துத் தின்கிறது என்றாள். உமா தலையாட்டினாள். வடிவுதான் மகன் பெயரைக் கேட்டாள். இசக்கியப்பன் என்றாள் குருவம்மாள். பிறகு அவன் பிறந்ததிலிருந்து பட்டாளத்துக்கு ரயில் ஏறியது வரைக்கும் வரிசை நகர நகரச் சொல்லித் தீர்த்தாள். வடிவு கேட்டுக்கொண்டே நின்றாள்.

மேடையில் கூத்து நடந்தது. தோளில் பெரிய துண்டு போட்ட நடுவயதுக்காரன் ஒருவன் ஒரு கையில் மைக்கோடு எண்களை முழங்கினான். இன்னொரு கை துண்டுக்குள் பயபக்தியோடு மறைந்திருந்தது. ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவருக்கு நாலு கிலோ போயிற்று, கைதட்டல். இடமாற்றம் கிடைக்காத வாத்தியாருக்கு ஒன்றரைக் கிலோ. அரசாங்கத் துக்கம் அவ்வளவு கனமில்லை போலும். மாமியாரோடு மல்லுக்கட்டிய ஒருத்திக்கு ஆறு கிலோ; மண்டபமே எழுந்து நின்று தட்டியது. பக்கத்தில் நின்ற மாமியார் தட்டவில்லை. குருவம்மாளுக்கு இரண்டு கிலோ எண்ணூறு. லேசாக இருக்கிறது, நிஜமாகவே லேசாக இருக்கிறது என்று அழுதுகொண்டே இறங்கினாள்.

வடிவு ஏறினாள். ஐம்பத்தொன்று நானூறு. பின்கட்டுக்கு அனுப்பினார்கள். அருவி நீர் என்று சொன்ன தொட்டிக்கு மேலே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் குளிக்கும் மறைப்புக்குள் ராபியாவும் கூடப் போனாள். திரும்பி வந்தபோது வடிவின் சேலையிலிருந்து தண்ணீர் ஓடையாய் வழிந்தது. முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகியிருந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். குளிரில் நடுங்குகிறாள் என்று உமா நினைத்தாள்.

தராசில் ஏறியதும் எண் ஒரு கணம் எங்கெங்கோ தாவியது. மைக் பிடித்தவன் முகம் லேசாக மாறியது. துண்டு படபடவென்று ஆடியது. பிறகு எண் இறங்கி, இறங்கி, நின்றது. நாற்பத்தெட்டு இருநூறு.

"மூணு கிலோ இருநூறு" என்று அவன் முழங்கினான். கைதட்டலில் உமாவுக்குக் கண் நிறைந்தது.

சித்தர் ஆசனத்திலிருந்து இறங்கிவந்தார். மிச்சம் இருக்கிற துக்கத்தை மாத்திரை பிடித்து வைத்திருக்கிறது என்றார். காலடியில் இருந்த பித்தளை அண்டாவைக் காட்டினார். அதற்குள் பல வீட்டு மாத்திரை அட்டைகள் குவிந்து கிடந்தன. சாயங்காலம் சிற்றாற்றில் கரைத்துவிடுவாராம்.

"போடு தாயி. துக்கம் இறங்கின உடம்புக்கு மருந்து எதுக்கு?"

அவர் உமாவைப் பார்த்துத்தான் சொன்னார். யாரிடம் மாத்திரை இருக்கும் என்று இந்த மாதிரி ஆட்களுக்குத் தெரிந்துவிடுகிறது. உமா கைப்பையைத் திறந்தாள். ஆடி மாதத்தின் பத்தாம் நாள் நினைவுக்கு வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டு, கைதட்டிய அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தாள். இத்தனை பேர் முட்டாளாகவா இருப்பார்கள்? உலகத்தில் எத்தனையோ குடியைக் கெடுத்த அந்தக் கேள்வியைத் தானும் ஒருமுறை கேட்டுக்கொண்டு, மாத்திரை அட்டையை அண்டாவுக்குள் போட்டாள்.

"அதை எடுக்கா" என்றாள் வடிவு.

தராசில் நின்றபடியே இடுப்பிலிருந்து முந்தானையை உருவினாள். உள்ளே துணிப்பையில் கட்டியிருந்ததை அவிழ்த்து, இரண்டு கையாலும் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினாள். இரும்பு எடைக்கல். ரேஷன் கடைக் கல். மேலே முத்திரை, நடுவில் ஐந்து கிலோ என்று புடைத்த எழுத்து.

"இதையும் கட்டிக்கிட்டுத்தான் ஏறினேன். அஞ்சு கிலோ இரும்பு, ஒரு குடம் ஈரம். இப்ப எப்படி மூணு கிலோ குறைஞ்சேன், சொல்லுங்க."

சித்தர் லேசுப்பட்டவர் இல்லை. கண்ணை மூடினார், திறந்தார்.

"அப்படின்னா உனக்கு இறங்கினது எட்டு கிலோ இருநூறு, தாயி."

இரண்டு பேர் கைதட்டிவிட்டார்கள். ஆம், தட்டினார்கள். நம்புவதென்று முடிவெடுத்துவிட்டவனுக்கு இரும்பும் ஒன்று, இலவம் பஞ்சும் ஒன்று.

"எனக்கு மனசுதான் சரியில்ல சாமி" என்றாள் வடிவு. "கணக்கு மறக்கல. தினமும் நூறு கார்டுக்கு அரிசி நிறுக்கேன். தராசு பொய் சொன்னா எனக்குத் தெரியும்." எடைக்கல்லைத் தராசில் வைத்துவிட்டு இறங்கினாள். மைக்காரனின் துண்டு இப்போது ஆடவில்லை. எண் சுத்தமாக ஐந்து காட்டியது.

நெல்லையப்பன் அப்போதுதான் விழித்துக்கொண்டார். அறுவடை நாளில் வியாபாரியின் தராசை நம்பாமல் ஒவ்வொரு மூட்டையையும் இரண்டாம் முறை நிறுக்கச் சொல்லிச் சண்டை பிடிக்கிற மனிதர். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவரைப் போல விவசாயம் பார்க்கிற சம்சாரிகள்தாம். நெல்லுக்கு இருந்த மரியாதையை அவர்கள் மனசுக்குக் கொடுக்கவில்லை. விறுவிறுவென்று மேடையேறித் துண்டை உருவினார். மைக்காரன் உள்ளங்கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரிமோட் இருந்தது.

"ஏலே, இது போன வருசம் நெல்லு யாவாரி வச்சிருந்த அதே சாமான்லா" என்றார்.

அமுக்கினார். ஐந்து கிலோ இரும்பு நாலரை ஆயிற்று. மறுபடி அமுக்கினார், நாலு. ஓய்வுபெற்ற ஏட்டு அதை வாங்கித் தானும் இரண்டு தரம் அமுக்கினார், மூன்று.

"எடைக்கல்லுக்குத் தாலி அறுந்துதோ என்னமோ. ரெண்டு கிலோ துக்கம் ஆறிட்டு" என்றார் ஏட்டு, ராபியா பக்கம் திரும்பி. ராபியா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். சித்தர் பின்கட்டு வழியாகத் தப்பப் பார்த்து, தன் தொட்டித் தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தார். போலீஸ் வந்து விசாரித்ததில் முற்பிறவியில் அவர் தராசு பழுது பார்க்கிறவர் என்று தெரிந்தது. முற்பிறவி என்றால் போன வருஷம். ஜனங்கள் அண்டாவை மொய்த்தார்கள். எது யார் மாத்திரை என்று தெரியாமல் தவித்தார்கள். வடிவுதான் ஈரச்சேலையோடு குத்தவைத்து உட்கார்ந்து அட்டைகளைத் தனித்தனியே எடுத்து வைத்தாள். டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் எடுக்கணும், சந்தேகமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் புதிதாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தன் மாத்திரையைக் கடைசியில் எடுத்தாள். உமாவிடம் தரவில்லை. தன் பையில் போட்டுக்கொண்டாள்.

குருவம்மாள் மட்டும் ஓரமாய் நின்றாள். "எனக்கு நெசமாவே லேசாத்தான இருந்துச்சு" என்றாள்.

"இருந்திருக்கும் ஆச்சி" என்றாள் வடிவு. "மூணு மணி நேரம் மகனப் பத்திப் பேசுனீங்கள்லா. அதுக்குத் தராசு வேண்டாம். போன் நம்பர் தாங்க."

வீட்டு வாசலில் உமா தங்கையின் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளுக்கு வேறு ஏதோதான் வந்தது: அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தாயே, கீழே விழுந்திருந்தால்.

"நீ சிரி சிரின்னு சொல்லும்போதுதான்க்கா அதைவிடக் கனமா இருக்கும்."

தீபாவளியன்று உமா வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, பலகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். பதினோரு மணிக்குக் குருவம்மாள் போன் செய்தாள். வடிவு ஒரு மணி நேரம் பேசினாள். ராபியா சாயங்காலம் வந்து வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள். உமாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அவளுக்குப் பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. வடிவு அன்றைக்கும் சிரிக்கவில்லை. சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், தூங்கினாள்.

அடுத்த வாரம் அக்காவும் தங்கையும் மருத்துவமனைக்குப் போனார்கள். மனநலப் பிரிவின் வாசலில் ஐந்தாறு பேர்தான். காணிக்கை இல்லை, மைக் இல்லை, கைதட்டலும் இல்லை. அதனால்தான் கூட்டமும் இல்லை போலும். டாக்டர் இருபது நிமிஷம் கேட்டார். உமாவையும் பேசச் சொன்னார். அவள் அழுதாள்.

திரும்பி வந்தபோது நெல்லையப்பன் போனும் கையுமாக இருந்தார். வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு சாமியார் வந்திருக்கிறாராம். தராசெல்லாம் கிடையாதாம். துக்கத்தில் மனிதன் குறுகிப்போவானாம். நெற்றியில் கைவைத்தால் ரெண்டு இஞ்ச் உயரம் கூடுகிறதாம். இப்போதே மூணு தெருவுக்கு வரிசையாம். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று, பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் கேட்டார்.

"போவோமே" என்றாள் உமா. "அளக்கிற டேப்ப மட்டும் நம்ம வீட்டுலேருந்து எடுத்துக்கிடுங்க."