முளைக்காத செடியின் முடிவுகள்

இளநிலை மாணவர் ஆராய்ச்சி மாநாட்டுக்கு மொத்தம் பதினேழு விதிகள். ஆய்வுச் சுருக்கம் இருநூற்றைம்பது சொற்களைத் தாண்டக் கூடாது, ஆய்வின் முடிவு அதில் தவறாமல் இடம்பெற வேண்டும், கல்லூரிச் சின்னம் வலது மூலையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆய்வு செய்ய வேண்டும் என்று மட்டும் எந்த விதியிலும் இல்லை. கேட்காததைச் செய்வானேன் என்று மாணவர்களும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

தாவரவியல் மூன்றாமாண்டு மாணவி ஒருத்திக்குத்தான் இந்த விவரம் போதவில்லை. டீத்தூள் சக்கை போட்டால் பீன்ஸ் செடி நன்றாக வளருமா என்று அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விடுதி மொட்டைமாடியில் இருபது தொட்டிகளில் விதை ஊன்றி, பீன்ஸ்காரி என்று பெயரும் வாங்கியிருந்தாள். மாநாட்டுச் சான்றிதழ் இருந்தால்தான் மேற்படிப்புக்கு இடம். சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விதை ஊன்றியது புதன்கிழமை.

மாநாட்டு ஒருங்கிணைப்பாளரான பேராசிரியரிடம் போனாள்.

"சார், செடி இன்னும் முளைக்கல. முடிவுன்னு என்ன எழுதறது?"

"முளைக்காதது செடியோட பிரச்சினைம்மா. கடைசி நாள் உன்னோட பிரச்சினை. இருபது சதவீதம் கூடுதல் வளர்ச்சின்னு போடு."

"அவ்வளவு வளருமா சார்?"

"நீ கேக்கறதும் சரிதான். இருபதுன்னா சந்தேகப்படுவாங்க. இருபத்திமூணு புள்ளி நாலுன்னு போடு. புள்ளி வச்சுட்டா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

புள்ளி வைத்தாள். சுருக்கம் ஏற்கப்பட்டு, அச்சேறி, புத்தகத்துக்கு அட்டையும் போட்டாயிற்று.

இரண்டு மாதத்தில் சக்கை போட்ட பத்துச் செடிகளும் பூஞ்சை பிடித்துச் செத்தன. போடாத பத்தும் கொழுகொழுவென்று நின்றன. அவள் மறுபடி ஓடினாள்.

"சார், சுருக்கத்தைத் திருத்தணும். செடி செத்துப்போச்சு."

"எங்க செத்துப்போச்சு?"

"தொட்டியில சார்."

"புத்தகத்துல?"

"புத்தகத்துல இருபத்திமூணு புள்ளி நாலு வளந்திருக்கு."

"அப்புறம் என்ன? புத்தகம் முந்நூறு பிரதி அடிச்சாச்சு. செடி பத்துதான். எதைத் திருத்தறது சுலபம், நீயே சொல்லு."

மறுநாள் மூவர் குழு ஒன்று மொட்டைமாடி ஏறி, செத்த செடிகளை நேரில் பார்வையிட்டது. 'மேற்படி செடிகள் அச்சிடப்பட்ட முடிவுக்கு ஒத்துழைக்கத் தவறிவிட்டன' என்று குறிப்பெழுதி, மூன்று நாளில் விளக்கம் தரும்படி ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு தாளைச் செருகிவிட்டு இறங்கியது. விளக்கம் வரவில்லை. செடிகளின் அலட்சியப் போக்கைக் குழு வன்மையாகக் கண்டித்தது.

மாநாட்டு நாளில் அவள் மேடையேறினாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. "செடி செத்துப்போச்சுங்க, புத்தகத்துல இருக்கறது தப்பு" என்றாள்.

அரங்கம் திகைத்தது. வெளியூரிலிருந்து வந்த தலைமை நடுவர் கேட்டார்: "நீ நிஜமாவே செடி வச்சியா?"

"ஆமாங்க."

"இங்க வேற யாரெல்லாம் ஆய்வு செஞ்சீங்க? கையத் தூக்குங்க."

மீதி நூற்றுப் பதினோரு பேரில் பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு கை எழுந்தது. அதுவும் மின்விசிறியைக் குறைக்கச் சொல்லி.

நடுவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பளித்தார்கள்: "மற்ற எவருக்கும் கிட்டாத ஆய்வு என்னும் சலுகையை இவர் தன்னிச்சையாகப் பயன்படுத்திக்கொண்டது போட்டியின் சமநிலைக்கு ஊறு விளைவிப்பதால், இவருடைய சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது." நீதி நிலைநாட்டப்பட்டதில் அரங்கமே கைதட்டியது.

வெளியே வந்து அழுதுகொண்டிருந்தவளிடம் ஒருங்கிணைப்பாளர் ஒரு தாளை நீட்டினார். 'நான் எந்த ஆய்வும் செய்யவில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.'

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. சான்றிதழ் குடுத்துடலாம்."

அவமானமாக இருந்தது. மேற்படிப்பு இடத்தை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவர் சான்றிதழைக் கொடுத்தார். 'சிறந்த இளம் ஆய்வாளர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது.

"எல்லாருக்கும் இதுதானா சார்?"

"எல்லாருக்கும் இதேதான்."

"எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினீங்களா?"

"சேச்சே, உன் ஒருத்திகிட்ட மட்டும்தான். மத்தவங்க மேல எங்களுக்கு நம்பிக்கை இருக்கும்மா."