ஒரே வேலையாக உட்கார்ந்து எழுதியது

மாரியம்மன் துணை
பினாங்கு
14.6.1986

அன்புள்ள தங்கை வள்ளியம்மாவுக்கு உன் அக்கா ருக்குமணி எழுதிக்கொள்வது. இங்கு நான், மகன், மருமகள் புஷ்பராணி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் அம்மன் புண்ணியத்தில் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்கு நீ கவலைப்பட வேண்டாம், இதுவரைக்கும் பட்டதில்லை. நிபோங் திபாலில் உன் சுகத்தையும் உன் கோழிகளின் சுகத்தையும் அறிய ஆசை.

நிற்க. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நீ ஐந்து வரைக்கும் படித்தாய், அதுவும் நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்ததால். அதை இப்போது சொல்ல வரவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துப் படி, உன் மகன் ஜெயராஜிடம் காட்டிச் சிரிக்காதே. 1971இல் சிரித்தது எனக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், நான் இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்கிறேன். அஞ்சு வாரம் ஆகுது. ஏன் என்று கேட்பாய். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நீ முக்குக் கடைப் போன்ல இருந்து கூப்பிடுவ இல்ல, அந்தக் கடைசி ஞாயிறு என்ன நடந்ததுன்னு சொல்லுறேன். என் வீட்டுப் போன் வயரு அடுப்படி வரைக்கும் நீளும், அப்படி இழுத்து வெக்கச் சொன்னதே நான்தான், பேசுற நேரம் கை சும்மா இருக்கக் கூடாதுன்னு. அன்னைக்கு ரிசீவரைத் தோள்ல இடுக்கிக்கிட்டு ஒரு கையால சம்பால் கிண்டுறேன், இன்னொரு கையால பேரனோட சட்டைக்குப் பட்டன் பார்க்கிறேன், ரேடியோவில பாட்டு ஓடுது, வாசல்ல மீன்காரர் இப்ராஹிம் மோட்டாரை நிறுத்திட்டு, "அக்கா, கெம்போங் மீன் இப்ப கடல்ல இருந்து வந்துச்சு" என்கிறார். "எந்தக் கடல், போன வாரத்துக் கடலா? செவுளைத் தூக்கிக் காட்டு"ன்னு நான் கத்துறேன். இதுக்கு நடுவுல நீயும் பேசிக்கிட்டு இருந்த. நான் "ம்... ம்..."னு கொட்டிக்கிட்டே இருந்தேன். கடைசியில "சரிலா வள்ளி, அப்படியே செய்"னு சொல்லி வெச்சுட்டேன். எப்பவும் அப்படித்தானே வெப்பேன்.

நாலு நாள் கழிச்சு உன் மகன் ஜொகூர்ல இருந்து போன் பண்ணுறான். "பெரியம்மா, ரொம்ப நன்றி" என்கிறான். எதுக்குடான்னு கேட்டா, "வீட்டை விட்டுட்டு ஜொகூர் வாங்கம்மான்னு ரெண்டு வருஷமா கெஞ்சுறேன், அசையல. அக்கா போகச் சொன்னா போறேன், இருன்னு சொன்னா இருக்கேன்னு அம்மா சொல்லிச்சு. நீங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்காம 'சரி, அப்படியே செய்'னு சொல்லிட்டீங்களாம். அடுத்த மாசக் கடைசியில லாரி வருது பெரியம்மா" என்கிறான். நான் காதுல வாங்கவே இல்லடான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்ல முடியும்? "ஆமாப்பா, நான்தான் சொன்னேன், நல்லதுக்குத்தான்"னு சொல்லிட்டேன்.

அன்னைக்கே முடிவு பண்ணினேன், இனிமேல் ஒரு நேரத்துக்கு ஒரு வேலைன்னு. முதல் நாள் கோப்பி குடிச்சேன். கோப்பி மட்டும் குடிச்சேன், கீரை ஆயலை, யாரையும் ஏசலை. புஷ்பராணி வந்து பார்த்துட்டு நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறா. "அத்தை, நெஞ்சு வலிக்குதா? ஏன் ஒண்ணும் செய்யாம உட்கார்ந்திருக்கீங்க?" "கோப்பி குடிக்கிறேன்லா." "அதான் கேக்குறேன், வெறும் கோப்பியா?"ன்னு மருந்தெண்ணெய் எடுத்துத் தேய்ச்சு விட்டுட்டா. மகன் லீவு போட்டுட்டு வந்துட்டான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் சாமி மட்டும் கும்பிட்டேன், எவ எந்தச் சேலையில வந்திருக்கான்னு பார்க்கலை. மூணு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு வள்ளி! நாப்பது வருஷமா ரெண்டு மணி நேரம் கோயில்ல என்னதான் செஞ்சேன்னு தெரியலை. குருக்களே, "என்னம்மா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க, வருத்தமா?"ன்னு கேட்டார். வீட்டுல ஒரு நேரத்துக்கு ஒரு அடுப்புதான் பத்த வெக்கிறேன், சோறு ஆன பிறகு குழம்பு, குழம்பு ஆன பிறகு பொரியல். பகல் சாப்பாடு நாலு மணிக்கு. மகன் கடையில ரொட்டி சானாய் தின்னுட்டு வந்து பசிக்கலைன்னு சொல்றான்.

அதெல்லாம் பரவாயில்லை. போன செவ்வாய் நெத்திலிக்குத் தலை கிள்ள உட்கார்ந்தேன். ரேடியோ இல்லை, பேச்சு இல்லை. நெத்திலிக்கு மனசு வேண்டியதில்லை, கை பார்த்துக்கும். அப்ப மனசு சும்மா இருக்கு. சும்மா இருக்கிற இடத்துல நீ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கிற. என் வீட்டுக்காரர் செத்தப்ப நீ வந்து பதினாறு நாள் இருந்துட்டுப் போன பாரு, அன்னையில இருந்துதான் நான் அஞ்சு வேலையை ஒண்ணாச் செய்ய ஆரம்பிச்சேன்னு நெத்திலி கிள்ளும்போதுதான் தெரிஞ்சது. அந்தப் பதினாறு நாளும் நீ ஒண்ணும் பெரிசாச் சொல்லலை, என் பக்கத்துல படுத்துக்கிட்டு குறட்டை விட்ட. இப்ப அந்தக் குறட்டை கூட இந்த வீட்டுல இல்லை.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குன்னு உனக்குத் தெரியும். 1963 தீபாவளிக்கு என் கத்திரிப்பூ சேலையைக் கேக்காமக் கட்டிக்கிட்டுப் போய் முந்தானையில மத்தாப்புப் பொறி வாங்கிட்டு வந்தது ஞாபகம் இருக்கு. என் இட்லிச் சட்டியை வாங்கிட்டுப் போய் மூடி நெளிஞ்சு கொடுத்தது ஞாபகம் இருக்கு, "முன்னாடியே நெளிஞ்சிருந்துச்சு"ன்னு சொன்ன குரல்கூட ஞாபகம் இருக்கு. ஜெயராஜ் நிச்சயத்துக்கு எனக்கு ஆள் விட்டுச் சொன்னியே தவிர நீ வந்து கூப்பிடலை, அதனால நீ வாயாற "வாக்கா"ன்னு கூப்பிடாம உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்னு சொன்னேன், ஏறவும் இல்லை. இதெல்லாம் இருக்கு. ஆனா அந்த ஞாயித்துக்கிழமை நீ என்கிட்ட என்ன கேட்ட, எப்படிக் கேட்ட, கேக்கும்போது உன் தொண்டை கம்மிச்சா, அது மட்டும் என்கிட்ட இல்லை. சம்பால் நல்லா வந்துச்சு, அதுதான் இருக்கு.

அஞ்சு ஞாயிறா நீ கூப்பிடலை. பத்து மணியில இருந்து பதினொண்ணு வரைக்கும் போன் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன், வேற ஒரு வேலையும் இல்லாம. நான் உன்னைப் போகாதேன்னு சொல்ல வரலை. மகன் கூப்பிடுறான், நீ போ, யார் தடுத்தா? ஒரே ஒரு தடவை மறுபடி கேளு. அவ்வளவுதான். இந்தத் தடவை காதால கேட்டுட்டு பதில் சொல்லுறேன்.

உன் வீட்டுச் சாமிகளும் உன் கோழிகளும் உன்னைப் பத்திரமாப் பார்த்துக்கொள்ளட்டும். நீ என்னைவிட நாலு வயசு சின்னவள், அதனால் ஆசி வாங்கிக்கொள்ள வேண்டியவள்: தீர்க்காயுசாக இரு, முட்டி வலி இல்லாமல் இரு.

இப்படிக்கு,
கோபம் பாதி குறைந்த அக்கா,
ருக்குமணி

பி.கு. கீழே இறங்கி வந்து தபால் தலை கேட்டேன். புஷ்பராணி சொல்லுறா, காலையில இருந்து மூணு தடவை நீ போன் பண்ணினியாம்! எழுதி முடிக்கிற வரைக்கும் வீடே எரிஞ்சாலும் என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு நான் போட்ட ஆர்டரை அவ அப்படியே காப்பாத்தியிருக்கா. கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷத்துல என் பேச்சைக் கேட்டது இன்னைக்குத்தான். "அத்தை முக்கியமான கடுதாசி எழுதுறாங்க சின்னத்தை"ன்னாளாம். நீ, "என்னைவிட முக்கியமா யாருக்கு எழுதுறா?"ன்னு கேட்டியாம். "தெரியலையே"ன்னு இந்தப் புண்ணியவதி சொல்லியிருக்கா. லாரி மாசக் கடைசிக்கு இல்லை, நாளைக்கே வருதுன்னு சொல்லிட்டு வெச்சுட்டியாம். இதைத் தபால்ல போட்டா நீ கிளம்பிப் போன பிறகுதான் உன் வீட்டுக்கு வந்து சேரும். அதனால நீ "வாக்கா"ன்னு கூப்பிடாமலே நான் கிளம்பிட்டேன், ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்ல பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவேன். புஷ்பராணி தலை பின்னுறா, நான் சோறு தின்னுக்கிட்டு, செருப்பைக் காலால தேடிக்கிட்டு, அவளை ஏசிக்கிட்டு இதை எழுதுறேன், எல்லாம் நல்லாத்தான் நடக்குது. கடுதாசியைக் கையிலேயே கொண்டாறேன். நீ ஒரு மூலையில உட்கார்ந்து நிதானமாப் படிச்சுக்கிட்டு இரு, நான் பேசிக்கிட்டே உன் மூட்டையெல்லாம் பிரிச்சு வெக்கிறேன்.