பின் சீட்டிலிருந்து அடித்த டார்ச்

ஒரே வீட்டில் வாக்கப்பட்ட இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மட்டும் எல்லாம் முதலில் நடக்கும். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி என் ஓரகத்தி விமலா அக்கா. அந்தமானில் எங்கள் ஊரான திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேயருக்குச் சின்ன விமானத்தில் முதலில் போய்வந்ததும் அவர்தான். அதன்பின் எந்தப் பேச்சையும் "மேலேருந்து பாத்தா..." என்றுதான் தொடங்குவார். (கத்தரிக்காய் விலை உட்பட.)

போர்ட் பிளேயரில் பத்துபஸ்தியில் நாத்தனார் மகள் கல்யாணம் வந்தது. பஸ்ஸில் போகலாம் என்றார் என் கணவர். விமானம் இல்லையென்றால் வரவே மாட்டேன் என்று படுத்துவிட்டேன். ஆண்கள் மூட்டைகளோடு பஸ்ஸில் கிளம்ப, எனக்கும் அக்காவுக்கும் விமான டிக்கெட். பைலட் பக்கத்து சீட்டில்தான் உட்காருவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ஏறுமுன் எங்களை அரிசி மூட்டை மாதிரி எடை போட்டார்கள். அக்காவைவிடக் குறைவாகக் காட்ட வேண்டுமென்று ஒரு வாரமாக ராத்திரிச் சோற்றை விட்டிருந்தேன். வளையலைக்கூடக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினேன். ஜெயித்தேன். அப்புறம்தான் சொன்னார்கள், கனமானவர் முன்னால், லேசானவர் கடைசியில் என்று.

பாதி வழியில் மழை மேகத்துக்குள் நுழைந்தோம். ஒரே இருட்டு. திடீரென்று பைலட் முன்னால் எரிந்த விளக்கெல்லாம் அணைந்தன. ரேடியோவும் செத்தது. என்ஜின் மட்டும் ஓடியது. திசை காட்டும் முள்ளின்மேல் மொபைல் டார்ச்சை அடிக்கச் சொல்லி பைலட் பக்கத்து சீட்டிலிருந்த அக்காவிடம் கேட்டார். அக்காவும் குறி தப்பாமல் அடித்தார்.

மற்றவர்கள் மாதாவையும் முருகனையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயிர்ப்பயம் வர வேண்டிய இடத்தில் வயிற்றெரிச்சல் வந்தது. பிழைத்தால் இதையும் ஆயுசுக்கும் சொல்வாரே! நானும் என் போனை எடுத்து, கையை உயர்த்தி டார்ச் அடித்தேன். வெளிச்சம் முன் கண்ணாடியில் பட்டு நேரே பைலட்டின் கண்ணில் தெறித்தது.

"பீச்சே வாலி மேடம், டார்ச் பந்த் கரோ!"

(பின்னால் இருக்கிற மேடம், டார்ச்சை அணையுங்கள் என்று அர்த்தம். அந்த மேடத்தில் மரியாதை இல்லை.)

அக்கா திரும்பாமலே கேட்டார்: "கீதா, அது நீயா?"

பதற்றத்தில் அணைக்க வரவில்லை. போனைப் புடவைக் கொசுவத்துக்குள் திணித்துக்கொண்டேன்.

மேகம் விலகி போர்ட் பிளேயர் தெரிந்தது. மின்சாரம் இல்லாததால் வேகத்தைக் குறைக்கும் இறக்கைப் பலகைகள் இறங்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் புல்லுக்குள் பாய்ந்தது. முன்சக்கரம் முறிந்து, மூக்கு சேற்றில் புதைந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் இறங்கியபோது புடவைக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதைப் பார்த்து ஒரு தீயணைப்பு வீரர் என்னை நோக்கி ஓடிவந்தார். பைலட் அக்காவுக்குக் கைகொடுத்தார். எனக்குக் கும்பிடு போட்டார்.

கல்யாணத்தில் மணப்பெண்ணைச் சுற்றி இருந்ததைவிட அக்காவைச் சுற்றித்தான் கூட்டம். விசாரணையில் மின்கோளாறுதான் காரணம் என்றார்கள். அக்காவுக்கு அதில் வேறு கருத்து உண்டு.

இப்போதும் வீட்டில் கரண்ட் போனால் நான் டார்ச்சைத் தேடுவேன். சத்தமில்லாமல் எல்லோரும் கையால் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள்.